ழகரம்

அமைச்சரின் அறையில் பகலிலேயே விளக்கு எரிகிறது. ஜன்னலுக்கு வெளியே வானம் கறுத்துத் தொங்குகிறது. அவருடைய அக்காள் கணவர், ஊரிலிருந்து நனைந்து வந்தவர், நாற்காலி நுனியில் டீயோடு உட்கார்ந்திருக்கிறார். “மளை விட்டுரும் மச்சான். ஏரி உடையாது. கீளத்தெருவுக்கு நான் பொறுப்பு. அக்காவ நிம்மதியாத் தூங்கச் சொல்லுங்க” என்கிறார் அமைச்சர். தலைநகரில் இத்தனை வருஷம் இருந்தும் அந்த நாக்கில் ழகரம் ஒட்டவில்லை. மச்சானுக்கு மனசு குளிர்கிறது. மேசைத் தொலைபேசி அடிக்கிறது. எடுக்கும்போதே அமைச்சரின் முதுகு நிமிர்கிறது. குரல் தேய்த்துக் கழுவிய பாத்திரமாகிவிடுகிறது. “மழை நிக்கலையா? சரி, நகரத்துக்குள்ள தண்ணி வரக் கூடாது. ஏரி மதகைத் திறந்துடுங்க.” மறுமுனை எதையோ கேட்கிறது. அவர் பேனா மூடியைத் திருகியபடியே சொல்கிறார்: “கீழத்தெருவுக்குள்ளதானே போகும். போகட்டும்.” நாக்கு அழகாக மடங்கி, அவர் பிறந்த தெருவின் பெயர் அவர் வாயிலிருந்து முதல்முறையாகப் பிழையில்லாமல் வருகிறது. கோப்பையை மேசையில் வைத்துவிட்டு மச்சான் எழுந்திருக்கிறார். அமைச்சர் ரிசீவரை மெதுவாக வைத்துவிட்டு, எழுந்து வந்து அவர் தோளை அழுத்தி உட்கார வைக்கிறார். “மளையில எங்க போறீங்க மச்சான். இங்கயே தங்கிருங்க.”