எசென்பெக்கின் பூட்டு

இரும்புக் கதவுக்குக் குறுக்கே நின்றுகொண்டு எசென்பெக் ரொட்டியை நீட்டினார். கதவில் கனத்த பூட்டு தொங்கியது. சாவி அவர் இடுப்பில் இருந்தது.

"முதல்ல ஆளுக்கு ஒரு துண்டு பிட்டுச் சாப்பிடுங்க. அப்புறம் பேசலாம்."

கீழூர்க்காரன் ஸோதிக் ரொட்டியைத் தொடவில்லை. தோளிலிருந்த மண்வெட்டியை இறக்கித் தரையில் ஊன்றினான். கூட வந்த அவன் அக்கா மொஹிரா, முகத்தில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துவிட்டு, வாய்க்குள் போன புழுதியைத் துப்பினாள்.

மூன்று வாரமாகப் புழுதிக்காற்று. ஆற்றுக்குத் தண்ணீர் தரும் பனிமலை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே தெரியவில்லை. காற்றின் இரைச்சலில் எதிரில் நிற்பவரிடம்கூடக் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

அக்காவும் தம்பியும் காய்ந்த வாய்க்காலுக்குள்ளேயே வண்டியை ஓட்டிக்கொண்டு மேலே வந்திருந்தார்கள். வாய்க்கால் இந்தக் கதவு இருந்த பெரிய சுவருக்கு அடியில், நிலத்தடிக் குழாயில் போய் முடிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் மதகு. அதையும் தாண்டினால் ஆறு. மதகைத் திறந்து ஊருக்கு ஊர் தண்ணீர் பங்கிடும் மிராப், மேலூர்க்காரரான எசென்பெக்தான்.

"உன் ரொட்டியைத் தின்னா உன்மேல கை வைக்கக் கூடாது. அதுக்குத்தானே நீட்டுற?" என்றான் ஸோதிக்.

"அதுக்குத்தான். ஆனா எனக்காக இல்ல, மேலூர்க்காரங்களுக்காக. உள்ள பாத்ததும் நேரா அவங்க மேலதான் பாய்வீங்க."

ஒருவர் வாசலில் ரொட்டி பிட்டுவிட்டால் அன்றைக்கு அவர்மேலும் அவர் ஆட்கள்மேலும் கை ஓங்கக் கூடாது. மேலூர் கிர்கிஸ்காரர்களுக்கும் கீழூர் தாஜிக்காரர்களுக்கும் நடுவில் மிச்சமிருந்தது அந்த ஒரு வழக்கம்தான்.

"அப்போ அவங்கதான் தண்ணியைத் தேக்கி வச்சிருக்காங்கன்னு நீயே ஒத்துக்கிற. போன வருஷம் என் மச்சான் மண்டையை உடைச்சாங்களே, அன்னைக்கு எங்க போச்சு இந்த ரொட்டி?"

"அவன் தின்னிருந்தா உடைச்சிருக்க மாட்டாங்க."

மொஹிரா ரொட்டியை விரலால் தட்டிப் பார்த்தாள். "கடை ரொட்டி. அதுவும் கல்லு மாதிரி. ஏன் பெரியவரே, உங்க வீட்டுக்காரி அடுப்பு மூட்டுறதே இல்லையா?"

"டவுன்ல மக வீட்டுக்குப் போயிட்டா."

"சரி, டீ எங்க? ஆகாதவன் வீட்டுச் சாவுக்குப் போனாக்கூட ஒரு கிண்ணம் டீ ஊத்துவான். வாசல்ல வந்து நிக்கிறவங்களுக்கு டீ ஊத்தாத வீட்டை இன்னைக்குத்தான் பாக்குறேன்."

எசென்பெக் முகம் சிறுத்தது. கதவோரத்திலிருந்த தன் வீட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தார். அணைந்த அடுப்பின்மேல் கரி படிந்த கெட்டில் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"விடுக்கா," என்றான் ஸோதிக். "டீ ஊத்தினா உக்காரச் சொல்லணும். நம்மளை உக்கார வைக்க இவருக்கு மனசு வருமா? ரெண்டு தடவை ஆள் அனுப்பினதுக்கு, தண்ணி வராதுன்னு திமிரா பதில் சொன்ன மனுஷன்தானே." மண்வெட்டியை இடம் மாற்றிப் பிடித்தான். "எங்கப்பா வச்ச ஆப்ரிகாட் தோட்டம்யா. பிஞ்செல்லாம் சுருண்டு கொட்டிருச்சு. இந்த வாரம் ஒரு தண்ணி பாய்ச்சலைன்னா மரமே போயிடும். தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா பூட்டு போட்டு வச்சிருக்க?"

"தெரிஞ்சதாலதான். சாப்பிடு, நானே திறந்து விடுறேன்."

ஸோதிக் ரொட்டியைப் பிடுங்கி ஒரு துண்டைக் கடித்தான். மெல்லாமலேயே விழுங்கினான். எசென்பெக் மிச்சத்தை மொஹிராவிடம் நீட்டினார். அவளும் ஒரு விள்ளலை வேண்டாவெறுப்பாக வாயில் போட்டாள்.

"போதுமா? உன்மேல கை வைக்க மாட்டேன்," என்றான் ஸோதிக். "ஆனா உன் பூட்டு இன்னும் ரொட்டி சாப்பிடலையே."

எசென்பெக் இடுப்புச் சாவியை எடுப்பதற்குள் மண்வெட்டி இறங்கியது. பூட்டு தெறித்து விழ, கதவை உதைத்துத் திறந்துகொண்டு மதகு மேடையில் ஏறினான். புழுதியில் கைக்கெட்டும் தூரத்துக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. தடவி, ஷட்டரை ஏற்றி இறக்கும் சக்கரத்தைப் பிடித்து, திறக்கும் பக்கமாகத் திருப்பினான்.

சக்கரம் அசையவில்லை. மொஹிராவும் ஏறிவந்து மறுபக்கம் பிடித்தாள். இருவருமாக உடம்பையே கொடுத்துத் தள்ளிப் பார்த்தார்கள்.

"வெல்டு வச்சுட்டான் பாவி," என்று மூச்சிரைத்தாள் மொஹிரா.

எசென்பெக் அவசரமில்லாமல் படியேறி வந்தார். கையில் கெட்டில் இருந்தது. மூடியைத் திறந்து, அவள் கண்ணெதிரே கவிழ்த்துக் காட்டினார். கொஞ்சம் புழுதி உதிர்ந்தது.

"கெட்டிலைக் காட்டி என்னய்யா ஏமாத்துற?" ஸோதிக் மண்வெட்டியைத் தூக்கினான். தின்ற ரொட்டி நினைவுக்கு வந்து, அப்படியே தாழ்த்தினான். "ஷட்டரை என்ன பண்ணின? அதைச் சொல்லு."

அப்போது காற்று சற்று ஓய்ந்தது. ஆற்றுப் பக்கமிருந்து தண்ணீர் ஓடும் சத்தமே வரவில்லை. புழுதி விலகிய இடத்தில் மலை தெரிந்தது, அடியிலிருந்து உச்சி வரை துளிப் பனியில்லாமல் கன்னங்கரேலென்று.

"நவ்ரூஸ் பண்டிகையிலேருந்து திறந்துதான் இருக்கு, தம்பி."