மாப்பிள்ளையைத் தேடி

குடியை விடுகிறவர்கள் கூட்டம் எங்கே நடக்கிறது என்று காளிராஜ் இந்தியில் கேட்டதும் பான் கடைக்காரர் முகம் இளகிவிட்டது. அவன் கை நடுங்குவதைப் பார்த்துவிட்டு, “பகுத் அச்சா, பாய்” என்று பாராட்டித் தோளில் தட்டி, செம்பூர் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த பள்ளிக்கூடத்துக்கு வழி சொன்னார்.

சட்டைக்குள் செருகியிருந்த கத்தி அவர் கண்ணில் படவில்லை. தாராவிப் பட்டறையில் தோல் அறுக்கிற கத்தி. காலையில்தான் சாணை பிடித்திருந்தான்.

போன வாரம் தேவ்நாரில் இப்படி ஒரு கூட்டத்துக்குப் போனான். அங்கேயும் சாயா கொடுத்து, மொதல்ல எல்லாருக்கும் கஷ்டமாத்தான் இருக்கும் என்று உட்கார வைத்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு எழுந்து வந்துவிட்டான்.

அவனுக்கு வேண்டியது ஒரே ஒரு முகம்தான். தங்கச்சி புருஷன் காசிராஜன்.

கணபதி சிலை கரைத்த அன்று தங்கமயில் வீட்டில் விருந்து. மச்சானும் மாப்பிள்ளையுமாக உட்கார்ந்து குடித்தார்கள். மறுநாள் காலை காளிராஜ் அந்த வீட்டுத் தரையில் கண் விழித்தபோது வீட்டில் யாருமில்லை, சுவரில் ரத்தம். சண்டையை விலக்கிவிடப் போனதில் அவனுக்கும் அடி பட்டிருக்க வேண்டும், வலது கை வீங்கிக் கிடந்தது.

தங்கமயிலை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள், ஒரு கண் பிழைக்காது என்று பக்கத்து வீட்டு சாயிராதான் சொன்னாள். சொன்ன கையோடு கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் அவனை உள்ளே விடவில்லை. படியில் விழுந்துவிட்டேன் என்று தங்கமயில் போலீசிடம் சொல்லியிருந்தாள். கண்ணைப் பறித்தவனைக் காப்பாற்ற ஒரு பொய்! பிறகு புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் வீட்டைக் காலி செய்துகொண்டு எங்கோ போய்விட்டார்கள். போனும் அணைந்துவிட்டது.

காசிராஜன் இப்போது குடியை விட்டுவிட்டு யோக்கியனாகிவிட்டான், ஏதோ கூட்டத்துக்கெல்லாம் போகிறான் என்று பட்டறையில் ஒருவன் சொன்னதிலிருந்து காளிராஜுக்குத் தூக்கமில்லை. இன்றும் ஒரு குவார்ட்டர் உள்ளே போன பிறகுதான் கால் நிலத்தில் நின்றது.

பள்ளிக்கூட வாசலில் நின்ற நாகராஜ் என்ற பெரியவர் அந்த வாடையை முகர்ந்தும் முகம் சுளிக்கவில்லை.

“வாங்க தம்பி. குடிச்சிட்டு வந்தாலும் பரவாயில்ல, வந்ததே பெரிசு. வீட்டாளுங்க கூட வந்திருந்தா அந்த ரூம்ல உக்காரலாம்.”

காளிராஜ் அவரைத் தாண்டிப் பார்த்தான். உள்ளே காசிராஜன் பெஞ்சுகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். சட்டை கசங்காமல், முகம் தெளிந்து, ஆளே மாறியிருந்தான்.

அந்தத் தெளிவைப் பார்த்ததும் காளிராஜுக்கு வெறி ஏறியது. ஒரே பாய்ச்சல். காசிராஜன் பெஞ்சோடு சரிந்தான், சாயா கேத்தல் உருண்டு சூடாகக் கொட்டியது. நெஞ்சில் ஏறி உட்கார்ந்து முகத்திலேயே குத்தினான். மூக்கு உடைந்து ரத்தம் பொங்கியது.

“பொம்பளப் பிள்ள கண்ணப் பிடுங்கிட்டு இங்க வந்து நல்லவன் வேஷமால போடுத?”

பின்னாலிருந்து பிடித்து இழுத்த நாகராஜின் உள்ளங்கையை, அவன் சட்டைக்குள்ளிருந்து உருவிய கத்தி கிழித்தது. மற்றவர்கள் சுவரோரம் ஒதுங்கினார்கள். கத்தி முனை காசிராஜனின் இடது கண்ணுக்கு நேராக வந்து நின்றது.

காசிராஜன் திருப்பி அடிக்கவில்லை. கையைக்கூட ஓங்கவில்லை.

“மச்சான், கத்தியக் கீழ போடுங்க. வெளிய போயிப் பேசுவோம். இங்க வேண்டாம், அவ இருக்கா.”

“இருக்கட்டும்! அவ முன்னாலயே சொல்லு. எதுக்குல அடிச்ச?”

காசிராஜன் அடுத்த அறைக் கதவைப் பார்த்தான். உதட்டில் வழிந்த ரத்தத்தை விழுங்கினான்.

“சொல்லுல! என்ன செஞ்சா அவ? சோத்துல உப்புக் கொறஞ்சு போச்சா?” காளிராஜ் அவன் தலைமுடியைப் பற்றித் தரையில் மோதினான். மறுபடி மோதினான்.

அடுத்த அறையிலிருந்து தங்கமயில் ஓடி வந்தாள். இடது கண் இருந்த இடம் குழிந்து, தைத்த தழும்பு கன்னம் வரை இறங்கியிருந்தது. அந்தக் கோலத்தில் அவளை இப்போதுதான் பார்க்கிறான்.

“அண்ணே, அவர விடு.”

“நீ தள்ளிப் போ தங்கம்! ஒன் கண்ணுக்குப் பதிலா இவன் கண்ண எடுக்காம நான் எந்திரிக்க மாட்டேன்.”

“மயிலு, சொல்லாத” என்றான் கீழே கிடந்த காசிராஜன். “அவரு தாங்க மாட்டாரு.”

தங்கமயில் கேட்கவில்லை. ரத்தத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, கத்தி பிடித்த அண்ணன் கையைத் தன் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

“என்னிய அடிச்சது நீதாம்ணே.”