முதலில் சொல்வது

மருத்துவர் இன்னும் எதுவும் கேட்கவில்லை. அவள் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள்.

எந்த மருத்துவரிடமும் அவள் முதலில் சொல்வது ஒன்றுதான். பல் டாக்டரிடம் சொல்லியிருக்கிறாள். மகளுக்குக் காலில் மரு வந்தபோது தோல் டாக்டரிடமும்.

இன்று மகள் முந்திக்கொண்டாள்.

"நான் டெஸ்ட் ட்யூப் பேபி, டாக்டர். அம்மா அதத்தான் முதல்ல சொல்வாங்க."

கண் மருத்துவர் சிரிக்கவில்லை. கையிலிருந்த சீட்டைப் பார்த்தார்.

"சரிம்மா. ஸ்கூல்ல போர்டு எப்பலேர்ந்து தெரியல?"

"போன வருஷத்துலேர்ந்து."

அவள் திரும்பி மகளைப் பார்த்தாள்.

பள்ளியில் கண் பரிசோதனை நடந்ததே, அதில் எல்லாம் சரியாக இருந்ததே என்று கேட்டாள். வரிசையில் முன்னால் நின்றவர்கள் படித்ததைக் கேட்டு அப்படியே ஒப்பித்துவிட்டதாக மகள் சொன்னாள். அதில் பெருமையும் இல்லை, வருத்தமும் இல்லை.

மகளுக்குப் பதினைந்து வயது.

சளி பிடித்தால் எக்ஸ்ரே. மாடி ஏறி மூச்சு வாங்கினால் எக்கோ. செல்போனில் எதையாவது படித்துவிட்டால் விடிந்ததும் ரத்தப் பரிசோதனை. இப்படிப் பிறந்த பிள்ளைகளுக்குப் பின்னால் பிரஷர் வருமாம், இதயத்தில் ஏதோ வருமாம். வரலாம் என்றுதான் போட்டிருப்பார்கள். அவள் வரும் என்று படிப்பாள்.

குழந்தை நன்றாக இருக்கிறாள் என்று எல்லா டாக்டர்களும் சொன்னார்கள். அதை நம்பாமல் அடுத்த டாக்டரிடம் ஓடி ஓய்ந்துபோனவள் அம்மாதான்.

மகளின் கண்களைச் சோதித்துக் கண்ணாடி எழுதிய மருத்துவர் இப்போது அம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

"நீங்க எப்பலேர்ந்து கண்ணாடி போடுறீங்க?"

"எட்டாவதுலேர்ந்து."

"அப்புறம் என்னம்மா. உங்ககிட்டேர்ந்துதான்."

அது அவளுக்குத் தோன்றவே இல்லை. இந்தப் பிள்ளைக்கு எது வந்தாலும் கரு உருவான அந்த ஆய்வகத்திலிருந்துதான் வரும் என்றே இருந்துவிட்டாள்.

வெளியே வெயில். பேருந்து நிறுத்தத்தில் உட்கார இடம் கிடைத்தது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள்.

தூரத்தில் வரும் பேருந்தின் எண்ணை மகள் கண்களைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொன்னா நீ தூங்க மாட்டம்மா."

அவர்களுடைய பேருந்து இல்லை அது. புழுதியைக் கிளப்பிவிட்டுப் போனது.

"வேற ஏதாவது இருக்கா? எங்கிட்ட சொல்லாதது?"

"இல்லம்மா."

கேட்டு முடிப்பதற்குள் வந்துவிட்டது பதில்.