புத்தகத்துக்கு வைத்த பொட்டு

படிப்பவரின் நெற்றி கொஞ்சம் சுருங்கினால் போதும், புத்தகம் உடனே கதையில் வரும் புதிரை எளிதாக்கிவிடும். அட்டையின் மூலையில் இருக்கும் குட்டிக் கண் எந்நேரமும் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். ஆறாம் வகுப்புச் செவ்வந்தி அப்படித்தான் அலமாரி நிறையச் சாகசக் கதைகளை முடித்திருந்தாள். ஒன்றில்கூடத் தோற்றதில்லை. ஜெயித்த மாதிரியும் இல்லை.

அன்று அவளுக்குப் பொறுமை போய்விட்டது. குளியலறைக் கண்ணாடியில் அம்மா ஒட்டி வைத்திருந்த ஸ்டிக்கர் பொட்டைப் பிய்த்து வந்து, புத்தகத்தின் கண்மேல் அழுத்தி ஒட்டினாள்.

கதையில் குகைக்குள் கடல்நீர் ஏறிக்கொண்டிருந்தது. கதாநாயகியின் கையிலிருந்த வரைபடம் காட்டிய வழியெல்லாம் பாறையில் போய் முட்டியது. செவ்வந்தி நெற்றியைச் சுருக்கினாள், நகத்தைக் கடித்தாள், கடைசியில் அழுதே விட்டாள். புத்தகம் மசியவில்லை.

மறுநாள் காலையில் அம்மா குளியலறையிலிருந்து கத்தினாள்: "கண்ணாடியில இருந்த பொட்டு எங்கடி?"

கண்ணாடி!

செவ்வந்தி புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள். அம்மாவை இடித்துக்கொண்டு நின்று, வரைபடத்தைக் கண்ணாடிக்குக் காட்டினாள். இடம் வலமானது. பாறையில் முட்டிய பாதை நேராக வெளிச்சத்துக்குப் போனது.

"நானே கண்டுபிடிச்சேன்மா! நானே!"

அந்தக் கூச்சலில் கீழ்வீட்டுக்காரர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார்.

பள்ளி வேனில் பொட்டு ஒட்டிய கதையைக் கேட்ட தோழி ரிஃபானா உதட்டைப் பிதுக்கினாள். "அந்தக் குகையா? என் புக்கே கண்ணாடில பாருன்னு சொல்லிடுச்சே."

செவ்வந்தி சிரித்துக்கொண்டே இருந்தாள். ரிஃபானா அந்த முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஏய், நாளைக்கு எனக்கும் ஒரு பொட்டு கொண்டு வாடி. எங்க வீட்டுல யாரும் வைக்கிறதில்ல."