முன்வரிசை நாற்காலிகள்

"எழுந்திருங்க. இது நீங்க உக்கார்ற இடமில்ல," என்றாள் லீலா, கணவனின் பக்கத்து நாற்காலியில் அமர்ந்தபடி.

தங்கராஜு திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

ஜாலான் புசார் திடலில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே வெள்ளைத் துணி கட்டிப் படம் ஓடிக்கொண்டிருந்தது. சீனர்களுக்கு ஏழாம் மாதம். இறந்தவர்கள் பசியோடு ஊருக்குள் வரும் மாதம். அவர்களுக்காகத்தான் மரக்கடை முதலாளி வருஷாவருஷம் படம் போடுவார். தன்னிடம் வேலை பார்த்துச் செத்துப்போன தமிழர்களும் வருவார்களே என்று ஒரு நாள் மட்டும் தமிழ்ப் படம். முன்வரிசை முழுக்க அவர்களுக்கு. கயிறு கட்டி, ஒவ்வொரு நாற்காலிக்கும் முன்னால் ஓர் ஆரஞ்சும் ஒரு கிண்ணம் தேநீரும் வைத்திருந்தார்கள். உயிரோடிருப்பவர்கள் கயிற்றுக்குப் பின்னால்தான்.

அந்த முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான் தங்கராஜு. முகத்தில் ரத்தமே இல்லை. பின்னாலிருந்த சீனக் கிழவி அவனைப் பார்த்துவிட்டுச் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள்.

"உங்ககிட்டதாங்க பேசுறேன். பதில் சொன்னா வாயிலேருந்து முத்தா உதிர்ந்துடும்?"

"நம்ம தலை தீபாவளிக்குப் பாத்த படம்," என்றான் அவன், திரையைப் பார்த்தபடியே. "என்னா கூட்டம் அன்னைக்கு!"

"எவனோ கைக்குட்டை போட்டுப் பிடிச்ச சீட்டுல நீங்க போய் உக்காந்து அடி வாங்கப் பாத்தீங்க. இன்னைக்கும் அதே வேலைதான்."

அவன் சிரித்தான். அவள் சொன்னதற்கா, திரையில் வழுக்கி விழுந்த கோமாளிக்கா, தெரியவில்லை.

"போதுங்க. பாப்பா கதீஜாக்கா வீட்டுல சோறு திங்காம அழுவுது. மூணு வயசுப் புள்ள. அப்பாவும் இல்லாம அது என்ன செய்யும்?"

"இந்தப் பாட்டு உனக்குப் பிடிக்குமே லீலா," என்றான் மெதுவாக. "படம் முடியட்டும். சேந்தே போயிடலாம்."

லீலா நாற்காலியில் நிமிர்ந்தாள்.

"எங்க போறது? பேசாம வீட்டுக்குக் கெளம்புங்க!"

வரிசை மெல்ல நிரம்பிக்கொண்டிருந்தது. யாரும் நடந்து வந்த சத்தமில்லை. தங்கராஜுவுக்கு அந்தப் பக்கம், சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டச்சொட்ட ஒருவர் வந்து உட்கார்ந்தார். பழைய சிநேகிதர்போல அவன் தோளில் கையைப் போட்டுக்கொண்டார்.

"கையை எடுங்க!" என்றாள் லீலா. அவர் எடுக்கவில்லை. தங்கராஜு லேசாக நடுங்கினான்.

"யோவ் தங்கராஜு! பைத்தியமாய்யா உனக்கு? அங்கல்லாம் உக்காரக் கூடாதுலா, வெளிய வா!"

கயிற்றுக்கு அப்பால் கதீஜாவின் கணவர் அப்துல் மஜீது நின்றிருந்தார். இடுப்பில் பாப்பா.

"நீங்க போங்க பாய். புள்ளைய நீங்களே பாத்துக்குங்க. நான் வரல."

மஜீது கயிற்றைத் தாண்டத் தயங்கினார். பாப்பா தயங்கவில்லை. இடுப்பிலிருந்து நழுவி இறங்கி, கயிற்றுக்கு அடியில் நுழைந்து ஓடி வந்தது. அப்பாவைத் தாண்டிப் போய் லீலாவின் முன்னால் நின்று, இரண்டு கைகளையும் உயர்த்தியது.

"தூக்கும்மா."

லீலா அசையவில்லை. தன் கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் இறுகக் கோத்துக்கொண்டாள். உதட்டைக் கடித்து, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

தங்கராஜு அப்போதுதான் திரையை விட்டுத் திரும்பிப் பார்த்தான். நாற்காலி சரிய எழுந்தான். பிள்ளையை வாரி மார்போடு அணைத்துக்கொண்டு, கயிற்றைத் தாண்டி ஓடினான். திரும்பிப் பார்க்கவே இல்லை.

"வந்தியே, அது போதும்," என்று மஜீது அவன் முதுகைத் தடவினார். "லீலா சாம்பலைக் கடல்ல கரைச்சு ஒரு மாசம்கூட ஆவல... ஆமா, காலி நாற்காலியப் பாத்துக் கையத் தூக்குச்சே இந்தப் புள்ள, அங்க யாரைய்யா பாத்துச்சு?"