மூன்றாம் இருக்கைக்காரர்

பயணிகளின் கண் அதிக நேரம் எங்கே நிலைக்கிறதோ, அங்கே வட்டமடிப்பதுதான் விமானி இல்லாத இந்தச் சுற்றுலா விமானத்தின் பெருமை. வால்பாறையிலிருந்து கோவைக்குக் கிளம்பிய அது அருவியையும் அணையையும் விட்டுவிட்டு, புறப்பட்ட ஓடுதளத்தையே சுற்றியது.

“யாருங்க அது, அங்கயே பாக்கறது?” என்று ஒருவர் எரிந்து விழுந்தார்.

“எனக்கென்னங்க தெரியும்?” என்றார் ஞானசிகாமணி, ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பாமல்.

கீழே இருந்த அந்த வால்பாறை விமான நிலையத்தின் ஒரே அதிகாரியாக இன்றுதான் வேலையில் சேர்ந்திருந்தாள் அவர் மகள் பெனிட்டா. ஒலிபெருக்கியில் அவள் குரல் வந்தது.

“மூணாம் சீட்ல இருக்கறவரு கொஞ்சம் கண்ண மூடிக்கங்க. அப்பா, நான் பாத்துக்கறேன். கெளம்புங்க.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

விமானம் மறுபடியும் ஒரு சுற்று வந்தது. கீழே கையாட்டிக்கொண்டு நின்றவளை இப்போது மற்ற எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.