புது வெர்ஷன்

"ஏய், வேலையை அப்படியே போட்டுட்டு இங்க வா! இந்தக் கடலைப் பாரேன்!"

அண்ணன் போட்ட சத்தத்தில், ஆல்பத்துக்கு அட்டை ஒட்டிக்கொண்டிருந்த தங்கை பசைக் கையோடு ஓடிவந்தாள். ஒரு வாரம் வீட்டில் முடங்கிக் கிடந்துவிட்டு அன்றுதான் அவர் ஸ்டுடியோவுக்கு வந்திருந்தார். வந்ததும் வராததுமாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டார். திரை நிறையப் படத்தை விரித்து வைத்திருந்தது தங்கைதான்.

கடற்கரையில் வெள்ளை உடையில் நிற்கும் மணப்பெண். கேமராவிலிருந்து இறக்கியபடியே, யாரும் கைவைக்காத ரா ஃபைல்.

"வெள்ளைக்குள்ள இத்தனை நிறமா ஒளிஞ்சிருக்கு? மடிப்புல பாரு, ஊதா! அலை ஓரத்துல பச்சை! இந்த வானம்... இப்படி ஒரு நீலத்தைப் பாத்து எத்தனை வருஷமாச்சு!" அவர் நாற்காலியைத் திரைக்கு இன்னும் கிட்டே இழுத்துப் போட்டார். "கடைசியில வாங்கிட்டியா? ஒரு வார்த்தை சொல்லவே இல்லையே!"

தங்கை வெறுமனே சிரித்தாள்.

இரண்டு வருடமாக அவர்களுக்குள் இதே பேச்சுதான். பழைய எடிட்டிங் சாஃப்ட்வேரில் நிறமெல்லாம் கலங்கித் தெரிகிறது என்பார் அண்ணன். புதிதாக வாங்க அவர் இரண்டு சாஃப்ட்வேர்களைப் பார்த்து வைத்திருந்தார். ஒன்றுக்கு மாதாமாதம் வாடகை மாதிரிக் கட்ட வேண்டும். இன்னொன்றை ஒரேயடியாக வாங்கலாம், ஆனால் புது வெர்ஷன் வரும்போதெல்லாம் மறுபடி காசு அழ வேண்டும். எதுவானாலும் கம்ப்யூட்டருக்கு மெமரி கூட்டாமல் ஓடாது. இரண்டையும் ஒப்பிட்டு மணிக்கணக்காகப் பேசுவார். கல்லாச் சாவி தங்கையிடம் இருந்ததால் பேச்சு பேச்சோடு நின்றுவிடும்.

இதற்கிடையில் வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். இந்த மணப்பெண் வீட்டார் ஆல்பத்தையே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அன்று கேமராவைப் பைக்குள் வைத்து மூடிய அண்ணன், "இனிமே நீயே பாத்துக்க. என் கை போயிடுச்சு" என்றார். அதற்குப் பிறகு அதைத் தொடவே இல்லை.

இப்போது தங்கை பக்கத்திலேயே இன்னொரு படத்தைத் திறந்தாள். அதே மணப்பெண், அதே கடல். திருத்தி முடித்த படம்.

"ஐயய்யோ! பாம்பு கடிச்ச மாதிரி நீலம் பாரிச்சு நிக்குதேடி அந்தப் பொண்ணு! எவன் பண்ணின வேலை இது?"

"நீதான் அண்ணா. போன மாசம்."

அண்ணன் இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்து, நெஞ்சிலிருந்த பாறாங்கல்லை யாரோ புரட்டிப் போட்டது போல மூச்சுவிட்டார்.

"அப்போ என் கை போகல! எல்லாம் அந்தப் பாழாப்போன சாஃப்ட்வேர் பண்ணின கூத்து. தலைதலையா அடிச்சுக்கிட்டேனே, கேட்டியா நீ? புதுசு வந்ததும் கடல் எப்படிக் கடலா இருக்கு பாரு! எவ்வளவு ஆச்சு? எவ்வளவு ஆனாலும் தகும்டி இதுக்கு!"

"செலவு ஆச்சுதான். ஆனா சாஃப்ட்வேருக்கு இல்ல. இது நீ திட்டித் தீர்த்த அதே பழசுதான் அண்ணா."

"சும்மா கதை விடாத!"

"நம்பலைன்னா, போன வாரம் புரை எடுத்த கண்ணைப் பொத்திக்கிட்டு, இன்னும் ஆபரேஷன் பண்ணாத அந்தக் கண்ணால பாரு."

அண்ணன் வலது கண்ணைக் கையால் பொத்தினார். கடல் டீத்தண்ணி நிறத்துக்கு மங்கியது. பக்கத்தில் நீலம் பாரித்து நின்ற பெண் மட்டும் சரியான நிறத்துக்கு வந்திருந்தாள். கையை எடுத்தார், நீலம் மொத்தமும் அலையலையாகத் திரும்பி வந்தது.